துவைத்த தொப்பி

அழுக்குத் துணி வீட்டில் கிடந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது, ஐயா. அது என் சுபாவம். எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், என் கொடியில் காயும் துணியைக் காட்டித்தான் தங்கள் வீட்டுப் பெண்களைத் திட்டுவார்கள்.

அம்மா போனபோது தம்பிக்கு நடக்கக்கூடத் தெரியாது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் அவனுக்காகத்தான் திருப்பி அனுப்பினேன். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சாப்பிடும்போது எப்போதாவது பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

பாறை உடைக்கும் வெடிமருந்து செய்கிற தொழிற்சாலையில், கலவை அறையில் அவனுக்கு வேலை. அந்தச் சரக்கு தோலில் பட்டாலே உடம்புக்குள் போய்விடும். சேர்ந்த புதிதில் மண்டையைப் பிளக்கும் தலைவலி. சில நாளில் பழகிவிடும். ஆனால் ஞாயிறு வீட்டில் இருந்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போய், திங்கட்கிழமை மறுபடி தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். அதனால் அங்கே எல்லோரும் ஒரு தந்திரம் செய்வார்கள். வேலைத் தொப்பியை விடுமுறையிலும் கழற்ற மாட்டார்கள். அதன் உள்பட்டையில் ஊறிய சரக்கு நெற்றி வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். என் வீட்டில் நான் துவைக்காத ஒரே துணி அந்தத் தொப்பிதான்.

ஒருநாள் தட்டில் கை வைத்தபடியே சொன்னான்.

"அக்கா, நான் வேலையை விட்டுடப் போறேன். கல்யாணம் பண்ணிக்கிட்டு அவங்க ஊருக்கே போயிடலாம்னு இருக்கோம்."

அவன் கட்டிக்கொள்ள இருந்தவள் அதே தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள்.

"அப்ப நான்?"

"நீயும் வந்துடுக்கா. மாடியில ஒரு ரூம் இருக்கு."

ஒரு வீட்டையே ஆண்டவளுக்கு மாடியில் ஒரு ரூம். அன்றிலிருந்து எங்களுடைய இரண்டு அறைகளும் என்னை நெருக்கத் தொடங்கின. ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலையின் மதில். கதவைத் திறந்தால் தெரு. ஆனால் அந்தத் தெரு வழியாக நான் போவதற்கு உலகத்தில் ஓர் இடம் கிடையாது. பயந்துபோனேன், ஐயா. வேறெப்படிச் சொல்ல?

வேலையை விடுவதற்கு முன் தொழிற்சாலை டாக்டரிடம் போனோம். நானும் கூடப் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

"இந்தச் சரக்கு உடம்புக்குள்ள போய் நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவைக் கொடுக்கும். ரத்தக் குழாயோட சுவரைத் தளர்த்துறது அதுதான். உடம்பு சும்மா இருக்குமா? பதிலுக்கு இறுக்கிப் பிடிச்சுப் பழகிடும். நீ திடீர்னு நிறுத்தினா, தளர்த்துறதுக்கு ஆள் இருக்காது, இறுக்குறது மட்டும் மிச்சமிருக்கும். இதயத்துக்குப் போற குழாய்கூட மூடிக்கலாம்."

"அப்ப வேலையை விடவே முடியாதா சார்?"

"முடியும். மெதுவா விடணும். நீங்க தொப்பியில பண்ற வேலை எனக்குத் தெரியும். நான் அதைச் சரின்னு சொல்லக் கூடாது. ஆனா கொஞ்ச நாள் அது தலையில இருக்கட்டும், நேரத்தைக் குறைச்சுக்கிட்டே வா. நெஞ்சு பிடிச்சா இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சுக்கோ. இதுவும் அதே சரக்குதான்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய்.

அவன் வேலையை விட்ட சனிக்கிழமை சாயங்காலம், குளிக்கப் போனதும் தொப்பியை வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, நீர் தெளியும்வரை அலசினேன். அவன் தேடியபோது கட்டிலுக்கு அடியில் விழுந்திருக்கும், பிறகு எடுத்துத் தருகிறேன் என்றேன். காய்ந்ததும் அடுப்படிக் கரியைத் தடவி, பழையபடி ஆக்கி, ஆணியில் மாட்டினேன். என் வாழ்க்கையில் ஒரு துணியை நானே அழுக்காக்கியது அன்றைக்குத்தான். லேசாக நெஞ்சு பிடித்தால் பயந்துவிடுவான், பழைய வேலைக்கும் பழைய வீட்டுக்கும் திரும்பிவிடுவான் என்று கணக்குப் போட்டேன். வேறு கெட்ட எண்ணம் எனக்கு இல்லை.

தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் இருந்தான், பாவம். திங்கட்கிழமை மதியம் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தான். முகமெல்லாம் வியர்வை.

"அக்கா, மாத்திரை."

மாத்திரைக் குப்பி என் கையில்தான் இருந்தது. நான் பதறவில்லை. பதறினால் காரியம் கெட்டுவிடும்.

"போக மாட்டேன்னு சொல்லு, தரேன்."

"விளையாடாதேக்கா."

"நான் விளையாடலடா."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தேன். போனது. என் காலைப் பிடித்துக்கொண்டு, "போகலக்கா" என்றான். சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

"உன்ன விட்டுப் போகல. சத்தியமா."

உடனே மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து, அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். வாய் உலர்ந்திருந்தது. அந்த மாத்திரை கரையாமல் முழுசாக இருந்ததைப் பார்த்துத்தான், நேரம் கடந்து கொடுத்திருக்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் சந்தேகப்பட்டு உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

பெட்டி ஒட்டுகிறவள் வெளியே அழுதுகொண்டிருக்கிறாள் என்றீர்கள். அவளை உள்ளே கூப்பிட்டு, நீங்கள் எழுதிக்கொண்ட இந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டுங்கள், ஐயா. அவளோடு வருவதாகச் சொல்லியிருந்தான், வரவில்லை. என்னை விட்டுப் போக மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்தான். கடைசி மூச்சுவரை அதைக் காப்பாற்றினான்.