கம்பளியின் ஒரு மூலை

கதவைச் சாத்திவிட்டு நெருப்புக்குக் கிட்ட வாருங்கள். தள்ளி உட்கார்ந்து கேட்கிற கதை இல்லை இது. என் கூட்டாளி வைரவநாதனின் மாமனாருக்கு ஓர் அண்ணன் இருந்தார், மாரிசாமி என்று பெயர். அவருக்கு நடந்தது.

மாலை ஆறு மணி. மார்கழி மாதம். பதுளைக்கு ரயில் வராத காலம். பெரகலச் சந்தியிலிருந்து தோட்டத்துக்கு மேலேறும் வண்டிப்பாதை… ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மூடுபனி இறங்கி வெளிச்சம் முழுக்கப் போய்விட்டது. பாதையில் இரண்டே பேர். முன்னால் லாந்தரைப் பிடித்துக்கொண்டு மாரிசாமி, அப்போது இளந்தாரி. பின்னால் கூலியாட்களை மேய்க்கிற இராமையா கங்காணி, சந்திக் கடையில் குடித்த சாராயத்தோடு.

மாரிசாமியின் இடுப்பில், சாக்குத் துணிக்குள்ளே, கவ்வாத்துக் கத்தி இருந்தது. தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி. அன்றைக்கு அவன் அதைச் செடிக்காகக் கொண்டுவரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும்.

அன்று காலையில்தான் அவன் தன் பெண்டாட்டி வடிவம்மாவைப் புதைத்திருந்தான். திருச்சிப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள். கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. தகரக் கூரையிலிருந்து பனி சொட்டும். கவ்வாத்து மிலாறைப் பொறுக்கி வந்து அடுப்பில் வைத்தால், ஈரக் குச்சி எரியாமல் புகையும். மாரிசாமி ஒரு கல்லை அடுப்பில் சுடவைத்து, பழந்துணியில் சுற்றி அவள் காலடியில் வைப்பான். துணி கருகும். இஞ்சி தட்டிப் போட்டுத் தேயிலைச் சாயத்தண்ணி கொடுப்பான். கொஞ்ச நேரத்தில் கல் ஆறிவிடும். மறுபடி எழுந்து சுடவைப்பான்.

கம்பளி இல்லையா என்று கேட்பீர்கள். தோட்டத்தில் ஆளுக்கொரு கம்பளி உண்டு. பங்கிடுகிறவன் கங்காணி. காய்ச்சலில் கிடந்தவள் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு வந்து நிற்கவில்லை என்று, அவளுக்கு வந்த கம்பளியை நிறுத்திவிட்டான் அந்தப் பாவி. "வேலைக்கு வராதவளுக்குக் கம்பளி என்னத்துக்கு?" என்றானாம். காய்ச்சல்காரிக்கு இல்லாமல் வேறு யாருக்கடா கம்பளி?

ஆகவே மாரிசாமியின் கம்பளிக்குள்ளேயே இரண்டு பேரும் படுத்தார்கள். வடிவம்மா சுவர்ப் பக்கம். தூக்கத்தில் நழுவிவிடும் என்று கம்பளியின் ஒரு மூலையைச் சுருட்டி, கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். விடிந்து பார்த்தால் அந்த மூலை மட்டும் கசங்கி, அவள் கைச்சூட்டில் கதகதவென்று இருக்கும். மாரிசாமி கேலி செய்வான். "கம்பளியத் திருடிக்கிட்டு நான் எங்க ஓடப்போறேன்?"

உயிர் போனபோதும் அந்த மூலை அவள் கையில்தான் இருந்தது.

அந்தக் கம்பளியோடேயே அவளைப் புதைக்க நினைத்தான் மாரிசாமி. தனக்குச் சாக்குப் போதும் என்றான். குழியில் இறக்கப்போகும்போது இராமையா வந்து நின்றான்.

"கம்பளிய உருவுங்கடா. தோட்டத்துச் சாமான மண்ணுல போடவா கொண்டாந்தோம்?"

"அவளுக்குக் குளிரும் ஐயா," என்றான் மாரிசாமி.

இராமையா சிரித்தான். "இனிமே அவளுக்கு என்னடா குளிரு?"

இரண்டு ஆட்கள் மாரிசாமியைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அவள் விரலைப் பிரித்துக் கம்பளியை உருவினார்கள். வெளியாள் யாருமில்லை, அதே லயத்துக்காரர்கள்தான். கங்காணிக்குப் பயந்த பயம் அப்படி. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்குவதில்லை.

உருவியதை வேறு யாருக்காவது கொடுத்தானா? அதுவும் இல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. தன் கறுப்புக் கோட்டு நனையக் கூடாதென்று அதையே தலையில் போட்டுக்கொண்டு போனான். மாலையில் சந்திக்குக் குடிக்கப் போகும்போதும் அதே கம்பளிதான். லாந்தர் பிடிக்கக் கூப்பிட்டது யாரை? மாரிசாமியை. அவனும் மறுபேச்சுப் பேசாமல் வந்தான். சும்மா வருவானா?

திரும்பி வரும்போது, பெரிய வளைவில் என்று நினைத்திருந்தான். அங்கே பள்ளம் ஆழம்.

வளைவு வந்தது. கை கத்திப் பிடியைத் தொட்டது. அப்போதுதான் அந்தச் சத்தம்…

கட… கட… கட…

பல் அடித்துக்கொள்கிற சத்தம். கங்காணிக்குக் குளிர் ஏறிவிட்டது என்று நினைத்தான். ஆனால் சத்தம் நிற்காமலே கங்காணி பேசினான்.

"எவன்டா எனக்குப் பின்னால வர்றது?"

மாரிசாமி திரும்பவில்லை. வாடை வந்தது. முதலில் ஈரக் கம்பளி. பிறகு சாராயம். அதற்குள்ளே… சுட்ட கல்லில் கருகிய பழந்துணி. அந்தக் கருகல் வாடை அவன் குடியிருந்த லயத்துக் காம்பராவைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஈரத் தரையில் வெறுங்கால் சத்தமும் கேட்டது. சப்… சப்… கங்காணி போட்டிருந்ததோ சப்பாத்து.

"டேய், கம்பளிய யாரோ இழுக்குறாங்கடா. ஒரு பக்கமா… மூலையப் புடிச்சு இழுக்குறாங்க."

மாரிசாமியின் கை கத்தியை விட்டது. பயந்து விடவில்லை. இனி அதற்கு வேலை இல்லை என்று தெரிந்துகொண்டான்.

"கழட்டுனா வரமாட்டேங்குது. குளிருதுப்பா… மாரிசாமி, அந்த லாந்தரைக் கொஞ்சம் இப்படிக் காட்டுப்பா."

அத்தனை காலத்தில் அவன் ஒரு கூலியாளை மரியாதையாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். மாரிசாமி லாந்தரைத் திருப்பவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"இனிமே உங்களுக்கு என்னய்யா குளிரு?"

கட… கட… கட… இப்போது இரண்டு பேருடைய பல். கொஞ்ச தூரம் போனதும் ஒன்று மெல்ல அடங்கியது… குளிர் விட்டவர்களுக்கு அடங்குமே, அப்படி. அதற்கப்புறம் கேட்டது ஒருவனுடையது மட்டும். அதுவும் தூரத்தில், வளைவிலேயே நின்றுவிட்டது. மாரிசாமி நடந்துகொண்டே இருந்தான்.

விடியற்காலை பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புப் பறை முழங்கியது. கங்காணி வரவில்லை. தேடிப் போனார்கள். வளைவில், பாறையோரம் குந்தியிருந்தான், கம்பளியைப் போர்த்தபடி. கோட்டில் ஒரு பொத்தான்கூடக் கழலவில்லை. கண் திறந்திருந்தது. மீசையில் பனி. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்து குதிரை மேலிருந்தே பார்த்தான். குடித்துவிட்டு விறைத்துச் செத்திருக்கிறான் என்று சொல்லித் திரும்பிப் போனான். தனக்காக ஊரையே வதைத்த கங்காணிக்கும் துரை கொடுத்தது அவ்வளவுதான்.

கம்பளியை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. முதல்நாள் வடிவம்மாவின் விரலைப் பிரித்த இரண்டு பேரும் தள்ளி நின்றார்கள். மாரிசாமிதான் போய் உருவினான், லேசாக வந்துவிட்டது. கங்காணியின் கன்னமும் கையும் பாறையாகச் சில்லிட்டிருந்தன. கம்பளி முழுக்க ஈரம், பிடித்த விரல் மரத்துப்போனது. அதை அவள் குழிக்கே கொண்டுபோகலாம் என்று தோளில் போட்டான். அப்போது அந்த மூலை அவன் கையில் பட்டது.

கசங்கியிருந்தது. ஈரமே இல்லை. இராத்திரி முழுக்கச் சுருட்டிப் பிடித்துத் தூங்கிவிட்டு, இப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி…

கதகதவென்று இருந்தது.