அப்பாவின் பட்டாள நம்பர்

அமெரிக்காவில், லிவர்மோர் கோயிலில் புளியோதரை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தோழியிடம் சொன்னாள்:

"எங்கப்பா சொன்ன பொய்யை அவரோட ஆர்மி நம்பரே காட்டிக்குடுத்துடுச்சு."

"என்னடி சொல்றே?"

"ரயில்வே வேலையோட பார்ட்-டைம் பட்டாளத்துலயும் இருந்தார். எல்லையில நடந்த சண்டை முடிஞ்சப்புறம்தான் சேர்ந்தேன்னு சொல்லுவார். மெடல்ல நம்பர் இருக்கு. சேர்ற வரிசைப்படிதான் நம்பர் குடுப்பாங்களாம். பக்கத்து வீட்டு மாமா அதே பட்டாளத்துல சண்டை நடுவுல சேர்ந்தவர். அப்பா நம்பர் அவருக்கும் முந்தி!"

"அப்போ சண்டைக்கே போயிருக்காரா? கிரேட்டுடி!"

"அப்போ நான் அம்மா வயித்துல. ரயில்வே டூட்டின்னு சொல்லிட்டுப் போயிருக்கார். நேத்து அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன்."

"ஷாக் ஆயிட்டாங்களா?"

"'அப்பவே அவரோட பட்டாளத்துச் சட்டையைத் துவைச்சவ நான்தானே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சாத்தான் அவர் நிம்மதியாப் போவார்னு விட்டுட்டேன்'னாங்க."