ஒரு விரற்கடை திறந்த கதவு

ஃப்ரீசர் வாங்குகிறவர்கள் முதலில் தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் எவ்வளவு அழுத்திச் சாத்தினாலும் மெல்ல விலகும். கடைக்காரன் இதையெல்லாம் சொல்ல மாட்டான். எங்கள் வீட்டில் நான்தான் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால் திருகுகளைத் திருகி அதை நிறுத்தினேன். ஆகவே அந்தப் பெட்டியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் என்னிடமே கேளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். புகார் கொடுத்த என் மகள் மாளவிகாவுக்கு இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் எடையளவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்தவர்களையெல்லாம் பிடித்திருக்கிறேன். வெங்கடசுப்ரமணியன் சார் வருகிறார் என்றால் கடைத்தெருவே எழுந்து நிற்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. பிறகு என் வீட்டுக்கு வருகிற போனையே நான் எடுத்தால், "ஜெயலக்ஷ்மி மாமியோட ஹஸ்பண்ட் அல்லே?" என்று யாரோ ஒரு மலையாளப் பெண் கேட்கிற நிலைமை வந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜெயலக்ஷ்மி என் மனைவி. அவள் கையால் செய்த போளியும் பூரணக் கொழுக்கட்டையும் கழக்கூட்டத்து ஹாஸ்டல்களில் பெயர் வாங்கிவிட்டன. உறைய வைத்துக் கொடுப்பாள், வாங்குகிறவர்கள் சூடுபடுத்திச் சாப்பிடுவார்கள். அதற்குத்தான் அந்த ஃப்ரீசர். சம்பாதிக்கட்டும், எனக்கொன்றும் பொறாமை இல்லை. ஆனால் ஒருநாள் மாலை, வெற்றிலை மடித்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள்: "கேட்டேளா, கழக்கூட்டத்துல மாளவிகா ஃப்ளாட்டுக்குப் பக்கத்துல ஒரு கடை ஒழிஞ்சிருக்காம். ஃப்ரீசரை அங்க கொண்டுபோயிடலாம்னு பாக்கறேன். வாரத்துல அஞ்சு நாள் அவளோட இருந்துக்கறேன். நீங்க சமாளிச்சுப்பேளோன்னோ?"

சமாளிப்பேனா என்று கேட்டாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் ஒரு காலை, அவள் குளித்துவிட்டு வரும்போது ஃப்ரீசர் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. அன்று நான் அதைத் தொடவே இல்லை. ஒரு பை முனை இடுக்கில் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் மூடலையா? நேக்கு ஓர்மையே இல்லையே" என்றாள். ஞாபகத்தைத்தான் இந்த ஊரில் நாங்கள் ஓர்மை என்போம். அந்தக் குரலை நான் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. கல்யாணமான புதிதில் எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்பாளே, அதே குரல். பை முனையைப் பற்றி நான் சொல்லவில்லை. "பரவாயில்லை, வயசாறதோல்லியோ" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான்தான் திறந்தேன். தினமும் இல்லை. அவள் குளிக்கப் போகும்போது, கோயிலுக்குப் போகும்போது. சில நாள் கதவு, சில நாள் உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கிற குமிழ். உறைந்தது இளகும், திரும்ப உறையும். போளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பைகளில் பனி பூக்கும். இந்த நாட்களில் அவளுக்கு நான் எவ்வளவு துணையாக இருந்தேன் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். கதவு ரப்பரில் காகிதத்தைச் செருகி, இழுத்தால் பிடிக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தேன். பின்பக்கக் கம்பிச் சுருளில் இருந்த தூசியைத் துடைத்தேன். காற்று வரும் துளைகளை அடைக்காமல் பைகளை மாற்றி அடுக்கினேன். உள்ளே காற்றின் குளிர் ஏறி இறங்கும், அதை நம்பக் கூடாது. டம்ளர் எண்ணெயில் தெர்மாமீட்டரை நிறுத்திப் பார்க்க வேண்டும். அதையும் செய்து காட்டினேன். அவள் பக்கத்தில் நின்று, கையைப் பிசைந்துகொண்டு, என்னையே பார்ப்பாள்.

மெக்கானிக் செல்வகணேஷையும் நானே வரவழைத்தேன். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "மெஷின்ல ஒரு கம்ப்ளெயிண்டும் இல்ல சாரே. ஆரோ கதவ நேரே அடைக்கல்ல" என்றான். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அவள் தலை குனிந்துகொண்டாள். நான் அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

கொழுக்கட்டை விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலுக்குப் போகவிருந்த ஒரு பெட்டிக் கொழுக்கட்டை ஒரு பகல் முழுக்க இளகிக் கிடந்து மறுபடி உறைந்தது. அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மறுநாள் அவள் அதைக் கட்டும்போது கயிற்றின் மறுமுனையை நான்தான் பிடித்துக்கொண்டேன். தேங்காய்ப் பூரணம் தாங்காது என்றும் தெரியும். ஹாஸ்டலில் சில பெண்களுக்கு வாந்தியும் பேதியும் ஆயிற்று. ஒருத்தியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். பிழைத்துவிட்டாள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜெயலக்ஷ்மி ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணின் அம்மா காலில் விழுந்தாள். அன்றோடு வியாபாரம் நின்றது. கழக்கூட்டத்துக் கடையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

ஜெயலக்ஷ்மியை மறதிக்கென்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். கடிகாரம் வரையச் சொன்னார். பயத்தில் அவளுக்கு முள்ளே போட வரவில்லை. மாத்திரை எழுதினார். அதற்குப் பிறகு நானும் கதவைத் தொடாமல் விட்டுப் பார்த்தேன். முகம் தெளிந்தது. அடுக்களையில் பாட்டு கேட்டது. ஒருநாள், "மறுபடியும் கொஞ்சமா ஆரம்பிச்சா என்ன?" என்றாள். மறுநாள் அவள் கோயிலுக்குப் போனதும் காஸ் அடுப்பின் குமிழைத் திருகி வைத்தேன். ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுத்தான் செய்தேன், நான் ஒன்றும் கொலைகாரன் இல்லை. ஃப்ரீசரையும் பழையபடி பார்த்துக்கொண்டேன்.

மாளவிகாவுக்குச் சந்தேகம் வந்தது எப்படியென்றால், அவள் போனிலேயே குளிரைக் காட்டுகிற ஏதோ ஒரு பொத்தானளவு கருவியை ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அம்மா கோயில் வாசலில் நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே வெப்பம் ஏறியிருக்கிறது. வீட்டில் நான் ஒருவன்தான். பிடித்துவிட்டாள். என் மகள் அல்லவா, அளவில் கெட்டி. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

நான் எதையும் மறுக்கவில்லை. கதவைத் திறந்தது நான், குமிழைத் திருகியது நான். திரும்ப அந்த நிலைமை வந்தால் திரும்பவும் செய்வேன். நாற்பது வருஷம் ஒரு கூரையின் கீழ் இருந்தவளை வீட்டில் நிறுத்தி வைத்தது எந்தச் சட்டப்படி குற்றம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நேற்று மாளவிகா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஜெயலக்ஷ்மி நம்பவில்லை. கத்தி அழுதிருக்கிறாள், பெண்ணை வாசலுக்கு வெளியே போகச் சொல்லியிருக்கிறாள். இன்று இங்கே கிளம்பும் முன், அவளை உட்கார வைத்து நானே சொன்னேன். "ஜெயா, அது நான்தான் பண்ணினேன். உன் ஓர்மைக்கு ஒரு கேடும் இல்லை" என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்காகப் பழியை உங்க தலையில போட்டுக்கறேளா? வேண்டாம்ண்ணா. நான் பைத்தியம்னே எல்லாரும் சொல்லட்டும்" என்றாள்.

உங்களுக்கும் கல்யாணம் ஆகியிருக்கும், மேடம். உங்கள் வீட்டில் உங்களை இப்படி நம்புகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?