பூர்ணிமாவுக்கு ஊற்றிய டீ

எங்கள் ஷூ கம்பெனியில் காலை டீ பத்தரைக்கு வரும். கேன்டீன் சத்தார் பாய் இஞ்சி தட்டிப் போடுவார். சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கும். நான் லைன் சூப்பர்வைசர் என்பதால் டீ கேனை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். லைனில் இருக்கிற முப்பது பெண்களுக்கும் நான்தான் ஊற்றிக் கொடுப்பேன். அது என் வேலை இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். பதினோரு வருஷமாக ஆசைப்பட்டுச் செய்தது. உழைக்கிறவளுக்கு உட்கார்ந்த இடத்தில் சூடாக ஒரு வாய் கொடுப்பதும் பூஜைதான் என்று நினைப்பவள் நான்.

பூர்ணிமாவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவி ஒட்டுகிற மேஜையில் இருந்தாள். போன வருஷம் ஹைவே விபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் குழந்தை. ஐப்பசி மழையில் அவளுக்கு இருமல் பிடித்தது. பசை வாடையில் அது ஜாஸ்தியாகிவிட்டது.

லைன் என்பது ஒரு சங்கிலி. ஒருத்தி கை நின்றால் அவள் முன்னால் தோல் குவிந்துவிடும், பின்னால் இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அன்றைய எண்ணிக்கை முடியாமல் குடியாத்தம் வேன் கிளம்பாது. வீட்டில் அடுப்பு காத்திருக்கும். பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"இன்னாடி, உன் இருமல் நின்னாத்தான் எங்க வேனு கிளம்பும்போல" என்றாள் எழிலரசி.

"என் இருமலுக்கும் ஒரு டார்கெட் போட்டுடு எழிலு. சீக்கிரம் முடிச்சுட்றேன்" என்றாள் பூர்ணிமா. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே மறுபடி இருமல் வந்துவிட்டது.

அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் இருமல் நிற்காவிட்டால் அவளை நிறுத்திவிடச் சொன்னார் மேனேஜர். வேலை போனால் அந்தக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்? அன்று சாயங்காலமே கடையில் இருமல் மருந்து வாங்கினேன். கடைக்காரர் டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அவளிடம் நீட்டினேன்.

"வேணாங்க்கா. மனசுக்கு மாத்திரை சாப்பிட்றேன் இல்ல, அதோட இந்த மருந்து ஆவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"இருமல் மருந்துதானே கண்ணு. யாருதான் குடிக்கல?"

"நீ கேட்டதே போதும்க்கா."

பெட்டிக்குள் இருந்த தாளை அன்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவள் சொன்னதுதான் அதிலும் இருந்தது. மன வருத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று. அவள்தான் ஏற்கெனவே கேட்டுவிட்டாளே, நான் வேறு எதற்குக் கேட்க வேண்டும் என்று தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அவளுடைய பத்தரை மணி டீயில் அந்த மருந்தை ஒரு மூடி ஊற்றினேன். இஞ்சியும் சர்க்கரையும் இருந்ததால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு நாளில் இருமல் கம்மியானது. வேன் நேரத்துக்குக் கிளம்பியது. முணுமுணுப்பு நின்றது. அன்று பெருமாள் கோயிலில் நெய் விளக்கு வைத்தேன்.

மூன்றாம் நாள் இருமல் திரும்பியது. அதனால் இரண்டு மூடியாக்கினேன். சாயங்கால டீயிலும் ஊற்றினேன். பிறகு வேறு கடையில் வேறு பெயரில் இன்னொரு பாட்டில் வாங்கி அதையும் சேர்த்தேன். இரண்டிலும் இருந்தது ஒரே மருந்து. அது பெட்டியிலேயே போட்டிருந்தது. நல்லது கொஞ்சம் கூடுதலாகப் போனால் கெட்டதாகிவிடுமா என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் கை நடுங்கியது. பசை கோட்டைத் தாண்டி ஓடியது. மின்விசிறிக்குக் கீழேயே வேர்த்துக் கொட்டியது.

"அக்கா, உடம்புக்குள்ள யாரோ ஓடற மாதிரி இருக்குது."

என் முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டேன். ஜுரமாய்க் கொதித்தது. மதியம் அவள் சாப்பிடவில்லை. "உன் டீ மட்டும் குடுக்கா. அதுதான் இறங்குது" என்றாள். கொடுத்தேன். ஜுரம் இருமலால்தான் என்று எனக்குப் பட்டது. அதனால் ஒரு மூடி கூட்டித்தான் ஊற்றினேன்.

நாலு மணிக்கு நாற்காலியிலிருந்து சரிந்தாள். கால்கள் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தன. தொட்டால் கை சுட்டது. கம்பெனி வண்டியில் மடியில் போட்டுக்கொண்டு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க அவள் தலையைத் தடவிக்கொண்டே போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பூர்ணிமாவின் பையில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இதோட வேற எதாவது சாப்பிட்டாங்களாம்மா? இருமல் மருந்து மாதிரி? தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி உடனே பார்க்கலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பாட்டில் என் கைப்பையில்தான் இருந்தது. அவர் மறுபடியும் கேட்டார். செய்த உதவியை வாய் திறந்து சொன்னால் அதன் புண்ணியம் போய்விடும் என்று கேட்டு வளர்ந்தவள் நான்.

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர்" என்றேன். "நான் குடுத்த டீ மட்டும்தான்."

மறுநாள் காலையில் அவள் போய்விட்டாள்.

அந்த ஒரு பொய்க்காகச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதைத் தவிர அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை, மேடம்.