பழைய பெட்டி யாருக்கு?

அக்கா: சாவியைத் திருப்பு ஸ்பேனர்... வண்டியை நிறுத்து.

ஸ்பேனர்: சாவி உங்க கையிலதான்க்கா இருக்கு.

அக்கா: அப்ப யாரு ஸ்டார்ட் பண்ணா?

ஸ்பேனர்: தள்ளி நில்லுங்க. பேட்டரி வயரைப் பிடுங்கறேன்... ம், வந்துடுச்சு.

அக்கா: இன்னும் ஓடுதே.

ஸ்பேனர்: இன்ஜின் ஓடறவரைக்கும் ஆல்டர்னேட்டர் கரண்ட் குடுக்கும். இருங்க, இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டியோட ஃப்யூஸை எடுக்கறேன்... ஆச்சு. நின்னுடுச்சு.

அக்கா: மணி பாரு. நாலே கால். இந்தக் கார் விபத்துல தம்பி போன நேரம். வீட்டு ஷெட்டுலயும் தினமும் இதே நேரத்துக்குத் தனியா உறுமும். கதவைத் திறந்தா கப்சிப்.

ஸ்பேனர்: ஸ்டார்ட்டர் ரிலே ஒட்டிக்கிட்டிருக்கும்க்கா. ஈரம் இறங்கினா...

அக்கா: ஈரம் மணி பாக்குமா?

ஸ்பேனர்: ...அதான் எல்லாத்தையும் மாத்திடலாம்ங்கறேன். இன்ஜின் கம்ப்யூட்டர், காயில், வயரிங், மொத்தமா. நாளைக்கு வண்டியை வாங்க ஆள் வர்றாரு இல்ல? மூணு புதுப் பெட்டி இருக்கு. இது சின்னது. ஸ்பார்க், பெட்ரோல், அவ்வளவுதான் பாக்கும். ஆக்சிலேட்டருக்குப் பழையபடி கேபிள் போட்டுக்கலாம். நடுவுல உள்ளதுல நாலு சிலிண்டருக்கும் தனித்தனி காயில்.

அக்கா: அந்தப் பெரிசு?

ஸ்பேனர்: அது ராஜா. நீங்க என்ன பண்ணாலும் நொடிக்கு நொடி பதிஞ்சு வெச்சுக்கும்.

அக்கா: வேண்டாம். எதுவும் பதியாததைக் குடு.

ஸ்பேனர்: அப்ப சின்னதுதான். நானும் அதையேதான் சொல்ல இருந்தேன்.

அக்கா: நீயா? விலை கூடினதைத் தலையில கட்டறவனாச்சே.

ஸ்பேனர்: போங்கக்கா...

அக்கா: பழைய பெட்டியைக் கழட்டினதும் என்கிட்ட குடுத்துடு.

ஸ்பேனர்: அது எதுக்கு? தம்பிடிக்குப் பெறாது. நானே தூக்கிப் போட்டுடறேன்... இதோ, கழண்டுடுச்சு.

அக்கா: போன வருஷம் நீதானே அதை மாட்டினே? இதைவிட நல்ல பெட்டி ஊர்லயே இல்லைன்னு நீயும் தம்பியும் குதிச்சீங்க. ஸ்கூல்ல இருந்தே அவனோட ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சவன் நீ... இப்ப குப்பையா?

ஸ்பேனர்: பழசாயிடுச்சுக்கா.

அக்கா: குப்பையைத் துணியில சுத்தி உன் பைக்குள்ள ஏன் வெக்கற? அதுவும் பதியுமா?

ஸ்பேனர்: ...பதியும்.

அக்கா: யார் ஓட்டினாங்கன்னு அதுல தெரியுமா?

ஸ்பேனர்: பேர் இருக்காது. கால் இருக்கும். கையெழுத்து மாதிரி. நம்ம மாப்ள, உங்க தம்பி, ஒரே மிதியா மிதிப்பான். நீங்க தொட்டுத் தொட்டு...

அக்கா: பாத்துட்டியா?

ஸ்பேனர்: விபத்து நடந்த வாரமே பாத்துட்டேன்.

அக்கா: பத்து மாசமா தெரியாத மாதிரி வந்து டீ குடிச்சிட்டுப் போனியா... ஸ்ஸ். அது என்ன சத்தம்?

ஸ்பேனர்: ஆக்சிலேட்டரை மிதிச்சா திறக்கற த்ராட்டில் மூடி. தானா திறந்து மூடுது... ஃப்யூஸ் என் கையிலதான்க்கா இருக்கு.

அக்கா: கேட்டுக்கிட்டிருக்கான்.

ஸ்பேனர்: அக்கா, வெளிய போயிடலாம் வாங்க.

அக்கா: இல்லை, அவனும் கேக்கட்டும். அவன்தான் ஓட்டினான்னு போலீஸ்ல சொன்னேன், அம்மாகிட்டயும் சொன்னேன். கண்ணு மண்ணு தெரியாம போய் உன்னையும் கொல்லப் பாத்தானேன்னு அம்மா இன்னும் போட்டோ முன்னாடி நின்னு அவனைத் திட்டறாங்க. ஓட்டினது நான்டா. வளைவுல பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்கேன். இந்தக் காலைப் பாக்கவே எனக்கு...

ஸ்பேனர்: உக்காருங்கக்கா.

அக்கா: உக்கார மாட்டேன். இப்பவே போய் அம்மாகிட்ட சொல்லிடறேன், நான்தான் கொன்னேன்னு. அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். அந்தப் பெட்டியைக் குடு, அதுதான் சாட்சி.

ஸ்பேனர்: அப்படிச் சொல்லாதீங்க.

அக்கா: உனக்கென்ன வந்தது? நகரு.

ஸ்பேனர்: வளைவுக்கு முன்னாடியே உங்க கால் ஆக்சிலேட்டர்ல இல்லைக்கா. பூஜ்யம்னு பதிஞ்சிருக்கு. பிரேக்கைத்தான் மிதிச்சிருக்கீங்க, கடைசி வரைக்கும். த்ராட்டில் மட்டும் முழுசா திறந்தபடி மாட்டிக்கிச்சு. அப்படி மாட்டினா இன்ஜினைத் தானா அணைக்கற செட்டிங் ஒண்ணு உள்ள உண்டு. வண்டி சும்மா சும்மா நின்னுபோகுதுன்னு மாப்ள நச்சரிச்சான்னு... அதை ஆஃப் பண்ணி வெச்சது நான்.