சிவலைப் பசுவின் இரத்தம்

எனக்குச் சீனி போடாத தேத்தண்ணி போதும் ஐயா, பல் கூசுகிறது. கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள்.

கல்லடியில் ஆடு மாடுகளின் இரத்தம் பார்க்கிற ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தத்தில் புரதம் கூடியிருந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மாடு தண்ணீரின்றிக் காய்ந்திருக்கும், அல்லது உள்ளே எங்கேயோ சீழ் பிடித்திருக்கும். காய்ந்த மாட்டில் அல்புமின், குளோபியுலின் இரண்டும் சேர்ந்தே ஏறும். சீழ் பிடித்ததில் குளோபியுலின் மட்டும் ஏறும், அல்புமின் இறங்கும். அதைப் பிரித்துச் சொல்வதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

தேற்றாத்தீவில் வீடு. தாய் தகப்பன் போனபின் தங்கச்சி வதனியை நான்தான் வளர்த்தேன். அவளுக்காகவே கல்யாணம் கட்டவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு வளவு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுவான், அண்ணன்மார் இறங்கிப் போவார்கள். போவதற்கு எனக்கு ஒரு மனைவி வீடு இல்லை. பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் என்னைவிட அவளை நினைத்துத்தான் பயந்தேன். அவள் வெள்ளைச் சோறு, சூதுவாது தெரியாதவள்.

அவளுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை டிலக்சன் மிருக வைத்தியர். நல்ல பொடியன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குறை இருந்திருந்தால் இவ்வளவும் வந்திராது. வதனி அவனை மதித்ததே அவன் மாடுகளைத் தொடுகிற விதத்தைப் பார்த்துத்தான்.

அவளிடம் ஒரு சிவலைப் பசு இருந்தது. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. மாடு பார்த்துத் தின்னாது ஐயா, விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடும். மாப்பிள்ளைக்கென்று புது அறை கட்டியபோது மிஞ்சிய கம்பியைச் சிறிது சிறிதாக நறுக்கித் தவிட்டில் பிசைந்து வைத்தேன். அது என் கையை நக்கிவிட்டுத் தின்றது.

சில நாளில் பசு படுத்துவிட்டது. டிலக்சன் வருவதற்கு முதல் நாளே தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீரின்றிக் காய்ந்த மாடுபோலக் கண் குழி விழவேண்டுமே. வெயில் காலம், அதிகம் மெனக்கெடவில்லை. அவன் இரத்தம் எடுத்து என்னிடமே தந்தான். குளோபியுலின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அல்புமின் இறங்கியிருந்தது. நான் அல்புமினையும் ஏற்றி எழுதினேன்.

"வயித்த அமத்தினா முனகுது அண்ணன். உள்ளுக்க ஏதும் குத்துதோ?" என்று கேட்டான்.

"அப்பிடியெண்டா இரத்தத்துல தெரிஞ்சிருக்கும் தம்பி. இது வெறும் தண்ணிக் குறை. சேலைன ஏத்துங்க, எழும்பிரும்."

அவன் நம்பினான். ஏற்ற ஏற்றப் பசு தேய்ந்தது. வதனி இராப்பகலாகப் பட்டியில் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலித்தது. அவளுக்குச் சோறு கொண்டுபோய் ஊட்டினேன்.

பசு செத்த அன்று அவள் அவனை வாசலிலேயே நிறுத்தினாள். "வாயில்லாச் சீவனக் காப்பாத்தத் தெரியாத உங்களோட நான் எப்பிடி வாழுற? இனி இஞ்ச வராதீங்க."

அவன் அழுதான். நான்தான் தோளைத் தட்டி பஸ் ஏற்றிவிட்டேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் கெட்டிக்காரன், அடுத்த தரிப்பிலேயே இறங்கிப் புதைக்கிற இடத்துக்குத் திரும்பி வந்து, குழியை மூட முன் பசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்திருக்கிறான். இரத்தத்திலும் கொஞ்சம் எடுத்து வைத்திருந்து வேறிடத்தில் பார்ப்பித்திருக்கிறான். போன கிழமை கம்பித் துண்டுகளைக் கொண்டுவந்து வதனியின் கையில் வைத்தான். அவள் உள்ளே போய் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

ஒரு மாட்டுக்காக நீங்கள் என்னை இவ்வளவு நேரம் இருத்தி வைக்கமாட்டீர்கள் என்று தெரியும். அவளைக் காணவில்லை என்று டிலக்சன் முறைப்பாடு கொடுத்திருப்பான். காணாமல் போக அவள் எங்கே போனாள்? வீட்டில்தான் இருக்கிறாள், சாமான் அறையில். முதல் இரண்டு நாள் கத்தினாள். இப்போது கத்துவதில்லை. கோபம் ஆறிவிட்டது என்று நினைக்கிறேன். நேற்றுச் சோறு வைத்தபோது முதல்நாள் சோறு அப்படியே இருந்தது; தலையைத் தடவினேன், என் கையைத் தட்டிவிடவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை.

திறப்பு என் சட்டைப் பையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். போய்த் திறந்து நீங்களே கேட்டுப் பாருங்கள். அண்ணனை விட்டுப் போகிற பிள்ளை இல்லை அவள். கதவைத் திறந்து வைத்தாலும் போகமாட்டாள் ஐயா, அதனால்தான் பூட்டிவிட்டு வந்தேன்.