ஓரங்களை விழுங்கும் பெட்டி

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி மிகப் பழையது. அதை மாற்றாததற்குக் காரணம் சிக்கனம் அன்று. என் மகன் அருண்குமார் பெங்களூரிலிருந்து புதிய பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பத்தான் செய்தான். அணைத்து வைத்திருந்தபோது அதன் கரும்பரப்பில் தன் உருவத்தைப் பார்த்த என் மனைவி ராசாத்தாள், யாரோ ஒரு கிழவி வந்து உட்கார்ந்திருப்பதாக எண்ணி, அவளுக்குக் காப்பி கலந்துகொண்டு வந்தாள். வீட்டில் பழகிய பொருள்களை மாற்ற வேண்டாம் என்று நீங்களும் கூறியிருந்தீர்கள். ஆகவே புதிய பெட்டி மாடிக்குப் போயிற்று. பருத்த முதுகுடைய பழைய பெட்டியே கூடத்தில் நிலைத்தது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இங்கிருந்துதான் விடையைத் தொடங்க வேண்டும், டாக்டர் லாஸ்யா. மகனை அறிகிறாள், பால் ஊற்றும் காளியாத்தாளை அறிகிறாள், தன் தகப்பனார் வண்டியில் பூட்டிய எருதுகளின் நிறத்தைக்கூடச் சொல்கிறாள். பெற்ற மகளின் முகம் மட்டும் எப்படி மறந்தது என்று கேட்டீர்கள். இந்த மறதிநோய் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்காதே என்றீர்கள். நல்ல கேள்வி. கதவைச் சாத்த வேண்டியதில்லை. வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கும் பிரவீனாவுக்குக் கேட்டால் கேட்கட்டும்.

நோய் இன்னதென்று உறுதியான அன்று நீங்கள் சொன்னது எனக்குச் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. “வீட்டு ஆளுங்க முகத்தைத் தினமும் காட்டிக்கிட்டே இருங்க சார். தினமும் பாக்கறது கொஞ்ச காலம் தங்கும். பாக்காதது முதல்ல போயிடும்.” முகங்களை என்றிருக்க வேண்டும், ஆனாலும் பொருள் விளங்கிற்று.

அருண்குமார் அடுத்த விடுமுறைக்குக் கருமத்தம்பட்டிக்கு வந்து, வீட்டில் இருந்த ஒளிப்படங்கள் அனைத்தையும் திரட்டினான். காதுகுத்து, குலதெய்வப் பொங்கல், அவனுடைய திருமணம், கைப்பேசியில் எடுத்த சிறு துண்டுகள் எல்லாவற்றையும் மாடியறைக் கணினியில் ஏற்றினான். அங்கிருந்து அவை கம்பியில்லாமல் கீழே கூடத்துக்கு வரும். அவற்றை வாங்குவதற்குக் கைக்கு அடக்கமான ஒரு கருவி. அதன் முனை எங்கள் பழைய பெட்டியில் பொருந்தாது என்பதால் நடுவில் இன்னொரு கருவி. அதிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று கம்பிகள் பெட்டியின் முதுகுக்குப் போயின. அவனைப் பாராட்டத்தான் வேண்டும். அவன் இட்ட தலைப்புகளைப் பாராட்ட இயலாது. ‘காது குத்து ஃபைனல் ரெண்டு’ என்றெல்லாம் இருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்தவன் வீட்டில் அப்படி ஒரு தலைப்பு இருப்பது அடாது. அனைத்தையும் நானே திருத்தினேன்.

அந்தக் கணினியின் செயலிக்கு வீட்டு விழா எது, திரைப்படம் எது என்று தெரியாது. காதுகுத்துப் படத்துக்கு அது எங்கிருந்தோ வாளேந்திய வெள்ளைக்காரன் ஒருவனின் சுவரொட்டியை எடுத்து ஒட்டியிருந்தது. ராசாத்தாள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

“ஏனுங்க, இந்தத் தொரை நம்மூட்டுச் சீருக்கு வந்திருந்தாருங்களா? பந்தியில நாம் பாக்கவே இல்லீங்களே.”

அந்தச் சுவரொட்டியையும் நீக்கினேன்.

மாலைதோறும் அவள் படம் பார்த்தாள். பலன் இருந்தது, அதை நீங்களே குறித்தீர்கள். ஆள் திரைக்கு வருமுன்பே பெயரைச் சொல்வாள். “இப்பச் சுப்பண்ணன் வருவாரு பாருங்க. வந்து சந்தனக் கிண்ணத்தைத் தட்டிவுட்டுப்போட்டு, மத்தவங்களத் திட்டுவாரு.” விசைத்தறிக்காரரான சுப்பண்ணன் வருவார், தட்டிவிடுவார், திட்டுவார். அவள் சிரிப்பாள்.

ஆனால், அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் பிரவீனா இருந்தாள்.

பிரவீனா ஐந்து ஆண்டுகளுக்கு முன், தன்னுடன் பணிபுரிந்த ஆஸிம் என்பவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு உக்கடத்துக்குப் போனாள். சமயம் காரணமாக நான் சினந்தேன் என்று எண்ண வேண்டாம். என்னிடம் படித்தவர்களுள் இலக்கணத்தை ஐயமறக் கற்றவன் அமீர் ஹம்சா என்ற மாணவன்தான். அவள் என்னைக் கேட்கவில்லை என்பதே என் குறை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்பது வேறு. கைப்பேசியில் ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள். ‘அப்பா, எங்களை மண்ணித்து விடுங்கள்’ என்று இருந்தது. தமிழாசிரியன் மகள் அப்படி எழுதினாள். எழுத்தைத் திருத்தி அவளுக்கே திருப்பி அனுப்பினேன். அதற்குப் பின் நான் அவளுக்கு எதுவும் எழுதவில்லை. சுவரில் இருந்த படங்களை அப்போதே கழற்றிவிட்டேன். ராசாத்தாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவளோடு கைப்பேசியில் இரகசியமாகப் பேசுவாள். அதை அறியாதவன்போல் இருந்தேன். அந்த அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை உண்டு.

நோய் வந்தபின் அவளால் இரகசியத்தைக் காக்க முடியவில்லை. திரையில் பிரவீனாவைக் கண்டதும் என் பக்கம் திரும்புவாள்.

“கண்ணு எங்கீங்க? இன்னும் ஆபீசு உடலீங்களா?”

நான் விடை சொல்வதில்லை. சற்று நேரத்தில் மறுபடி கேட்பாள். அதன்பின் சோறு இறங்காது. ஒரு நாள் பிற்பகல் சுப்பண்ணன் அவளைத் தம் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

“வாத்தியாரே, அம்மா அவினாசி ரோட்டுல நடுவால நின்னுட்டு, வார லாரிக்கெல்லாம் கைகாட்டி, உக்கடம் போகுமான்னு கேட்டுட்டு இருந்தாங்க. கால்ல செருப்புகூட இல்லீங்க. கொஞ்சம் பாத்துக்குங்க.”

உட்கார வைத்துக் கால்களைக் கழுவிவிட்டேன். தார் ஒட்டியிருந்தது. வேறு எவராயினும் அன்றே ஒரு முடிவு எடுத்திருப்பார். நான் எடுக்கவில்லை. முடிவை எடுத்தது அந்தப் பெட்டி.

பழைய பெட்டிகள் படத்தின் ஓரங்களை விழுங்கிவிடும் என்பதை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். கணினியில் முழுமையாகத் தெரியும் காட்சி, இதில் நான்கு பக்கமும் சிறிது குறைந்துதான் தெரியும். மறுநாள் மாலை குலதெய்வப் பொங்கல் ஓடிற்று. அதில் பிரவீனா இடது கோடியில் நின்று அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருப்பாள். கூடத்துப் பெட்டியில் விறகு மட்டும் நகர்ந்தது. ராசாத்தாள் எதுவும் கேட்கவில்லை. பொங்கல் பொங்கியபோது கை தட்டினாள். பிறகு என் கையால் இரண்டு தோசை உண்டு, உறங்கினாள்.

நான் வெகுநாள் கழித்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அந்த நிம்மதியில் குற்றம் இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

செயலியில் படத்தைப் பெரிதாக்கும் வசதி உண்டு. பெரிதாக்கினால் ஓரம் இன்னும் மறையும். இன்னும் சிலவற்றில் பிரவீனா வெளியே போனாள். நடுவில் நிற்கும் படங்களுக்கு அது போதாது. படங்களை வெட்டி ஒட்டும் முறையை இணையத்தில் பார்த்துக் கற்றேன். கற்பித்த இளைஞரின் தமிழில் ஒருமைக்கும் பன்மைக்கும் வேறுபாடே இல்லை. ஆயினும் விளக்கம் தெளிவு. ஒவ்வொன்றாகச் செய்து முடித்தேன், அவசரப்படவில்லை. வெட்டிய இடம் தெரியக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். ராசாத்தாளின் கைப்பேசியையும் அக்காலத்தில்தான் எடுத்து வைத்தேன். யார் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தாள்.

ஓர் இடத்தில் மட்டும் தவறினேன். எங்கள் பக்கத்துத் திருமணங்களில், தாலி கட்டுமுன் மணமகனின் உடன்பிறந்தாளை அவன் அருகில் நிறுத்தி இணைச்சீர் செய்வார்கள். அவள் நிற்காமல் சடங்கு நிறைவதில்லை. அருண்குமாருக்கு நின்றவள் பிரவீனா. தொடக்கமுதல் இறுதிவரை அவள் நடுவிலேயே இருந்ததால் அந்தப் பகுதியை முழுவதும் நீக்கினேன். அது இல்லாததை ராசாத்தாள் கண்டுகொள்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

“ஏனுங்க, இணைச்சீரு எங்கீங்க? சீரு செய்யாமயா எம்பையன் தாலி கட்டிப்போட்டான்? ஊரு என்ன பேசும்?”

அன்றைக்கு முடிந்துவிடும் என்று நினைத்தேன். பெயர்களை மறப்பவள் அந்தக் குறையை மறக்கவில்லை. அந்தப் படம் ஓடும்போதெல்லாம் எழுந்து நின்றாள். மருமகள் வீட்டார் திட்டுவார்கள் என்று அஞ்சினாள். யார் நின்றார்கள், யார் நின்றார்கள் என்று தன் விரல்களையே கேட்டாள். முடிவில் அவளே ஒரு விடை கண்டாள்.

“உங்க தம்பி புள்ளதான் நின்னாளாட்ட இருக்குது. இல்லீங்களா?”

நான் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை, டாக்டர். வகுப்பில் நான் மிகக் கடுமையாகத் தண்டித்ததும் அதற்காகத்தான்.

கைப்பேசித் துண்டுகள் இறுதியில் மிஞ்சின. அவற்றில் பிரவீனா தெரிய மாட்டாள், எடுத்தவளே அவள்தான். குரல் மட்டும் இருக்கும். “அம்மா, இங்க பாரு. அப்பா மாதிரி மொறைக்காத, சிரி.” அதைக் கேட்டு, படத்தில் இருக்கும் ராசாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். குரலை நீக்கிவிட்டு நாதசுர இசை சேர்த்தேன். அதைத் திரையில் பார்த்த ராசாத்தாள் வியந்தாள்.

“நானு ஆரப் பாத்து இந்தச் சிரிப்புச் சிரிக்கறனுங்க?”

சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு நாணத்தோடு, “உங்களத்தானுங்க. வேற ஆரு இருக்கா” என்றாள்.

அதையும் நான் மறுக்கவில்லை. மற்றத் துண்டுகளைவிட அந்தத் துண்டை அடிக்கடி ஓடவிட்டேன் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம். நாற்பது ஆண்டு இல்வாழ்க்கையில் அவள் என் எதிரில் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அதன்பின் கேள்விகள் குறைந்தன. பிரவி என்ற பெயர் முதலில் நின்றது. கண்ணு என்ற அழைப்பு பிறகு நின்றது. ஒரு காலைப்பொழுதில் வாசலில் காளியாத்தாளிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. “எனக்கு ஒரே பையனுங்க. பெங்களூருல இருக்கறான். பொட்டப்புள்ள ஒண்ணு இருந்திருந்தா எனக்குத் தல சீவிவுடும். குடுத்து வெக்கல.”

காளியாத்தாள் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, சன்னல் வழியே என்னைப் பார்த்தாள். “ஏனுங்க வாத்தியாரய்யா, அம்மா பேசறது காதுல உழுவுதுங்களா?” என்றாள். விழுகிறது என்றேன்.

வெட்டாத படங்கள் எங்கேனும் உண்டா என்று கேட்பீர்கள். அருண்குமார் வேறொரு வட்டில் படி எடுத்து, அதை என் பொறுப்பில் விட்டிருந்தான். திருத்தியபின் பிழையுள்ள படியை வைத்துக்கொள்வது என் வழக்கம் அன்று. இல்லை, எங்கும் இல்லை.

சென்ற வாரம் அருண்குமார் பேசினான். “அப்பா, அம்மாவுக்கு நெனப்பு இருக்கறப்பவே பிரவி ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகட்டுமுங்க. அவ என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் சரிங்கப்பா” என்றான். வரச்சொல் என்றேன். உண்மையாகவா என்று இரண்டு முறை கேட்டான். என்னை அவன் அவ்வளவு நல்லவனாக எண்ணியிருக்கவில்லை போலும்.

அவர்கள் வந்தபோது கதவை நானே திறந்தேன். ஆஸிம் வெளியிலேயே தயங்கி நின்றார். உள்ளே வாருங்கள் என்று மரியாதையோடுதான் அழைத்தேன். கூடத்தில் அருண்குமாரின் திருமணம் ஓடிக்கொண்டிருந்தது. ராசாத்தாள் எழுந்து கைகூப்பினாள்.

“வாங்க அம்மணி, வாங்க. உக்காருங்க. எந்தூருங்க உங்களுக்கு?”

“அம்மா... நான் பிரவிம்மா.”

“நல்லா இருங்க. ஏனுங்க, சொம்புல தண்ணி கொண்டாங்க. புள்ள வெயில்ல வந்திருக்குது.”

தண்ணீர் கொண்டுவந்தேன். பிரவீனா அதைத் தொடவில்லை. தாயின் காலடியில் தரையில் உட்கார்ந்து, திரையைக் காட்டினாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

“அம்மா, அண்ணன் கல்யாணம்தான இது? இப்பப் பாரு, இணைச்சீரு வரும். பச்சைப் பட்டுக் கட்டிட்டு அண்ணன் பக்கத்துல நான் நிப்பேன். நீ எனக்குத் தலையில பூ வெச்சுவுடுவ. பாரும்மா, இப்ப வருவேன்.”

ராசாத்தாள் விருந்தாளியின் மனம் நோகாதபடி திரையைப் பார்த்தாள். பிரவீனாவும் பார்த்தாள். நான் பெட்டியை அணைத்திருக்கலாம். மேளம் விரைந்தது, அருண்குமார் தாலி கட்டினான், அட்சதை விழுந்தது. பிரவீனா அதன் பின்னரும் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். உங்களிடம் அவள் என்ன கூறினாள் என்று எனக்குத் தெரியாது. எதைக் கூறியிருந்தாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

அவள் அழுதபோது ராசாத்தாள்தான் கண்களைத் துடைத்துவிட்டாள். “அழுவாதீங்க அம்மணி. எந்தக் கஷ்டமும் நிக்காதுங்க. இருந்து சாப்புட்டுப்போட்டுப் போங்க” என்று பலமுறை சொன்னாள். ஆஸிம் பிரவீனாவைத் தோளில் தாங்கி அழைத்துப் போனார். வண்டி தெருமுனை திரும்பும்வரை ராசாத்தாள் வாசலில் நின்றாள். உள்ளே வந்ததும் என்னைக் கேட்டாள்.

“பாவமுங்க, ஆரு பெத்த புள்ளையோ. அந்த அழுவை அழுவுதே, அதுக்கு அம்மா இல்லீங்களா?”

இல்லை என்றேன். அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, டாக்டர், அன்றும் சொல்லவில்லை.